ஆஃப்ரா கட்டிய ஊர்

அத்தியாயம் பதினான்கு

வெள்ளிக்கிழமை காலைச் சால்னாவில் ஆயிஷா பீவி இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். கவுஸ் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

"என்னாங்க, ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சிட்டீங்க?"

"நல்லா இருந்துச்சு."

"உப்பு கரிக்குது. எனக்குத் தெரியாதா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

பாவம் கவுஸ். சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். தொப்பியை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அங்கே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருக்குச் சூட்கேஸ் கடை. அரபு நாட்டுக்குப் போகிற பிள்ளைகள் பாதிப் பேருக்கு அவர் கடைப் பெட்டிதான்.

ஆயிஷா பீவியின் பதற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வரலாம்.

லெப்பைக்குடிக்காட்டில் கவுஸ் வீட்டுக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவன் அம்மார் குவைத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். இளையவள் ஆஃப்ரா பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படிப்பை முடிக்கிற கட்டத்தில் இருக்கிறாள். அவளுக்கு அரியலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை அப்துல் ஹாதி சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். தாய் தகப்பன் இல்லாத பையனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா பர்சானா. அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமை வந்து பேச்சை முடிப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

இது ஒரு பக்கம். தலைவலி இன்னொரு பக்கத்தில் இருக்கிறது.

குவைத்தில் அம்மார் வெள்ளிக்கிழமைதோறும் அறையில் ஒரு விளையாட்டு நடத்துகிறான். மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள்ளே ஒரு வீரன், ஒரு வைத்தியன், ஒரு திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். "கோட்டை வாசலுக்கு வந்துட்டீங்க, கதவு பூட்டியிருக்கு, என்ன செய்யப் போறீங்க?" என்று கதை நடத்துகிறவர் கேட்பார். அவர்கள் வாயாலேயே பதில் சொல்லுவார்கள். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும்.

வேலை வெட்டி இல்லாதவர்கள் விளையாட்டு என்று கவுஸ் சொன்னார். வேறு யாரும்கூட அப்படித்தான் சொல்லுவார்கள். ஆனால் கதை நடத்துகிறவன் பாடு பெரும்பாடு. ஆடுகிறவர்கள் எந்தத் தெருவுக்குள் நுழைவார்கள், எவனிடம் வாய் கொடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு முழு ஊரையே முன்கூட்டித் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். அம்மார் வியாழக்கிழமை ஆனால் சோறு தண்ணி மறந்து தாளில் கிறுக்கிக்கொண்டு கிடந்தான். "இதுக்கு ஒரு வழி பண்ணிக் குடுடீ, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று தங்கச்சியிடம் கெஞ்சினான்.

அவள் பண்ணிக் கொடுத்துவிட்டாள். அந்த ப்ரோகிராமுக்கு 'ஊர்' என்று பேரும் வைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் தெரு வரும், சந்தை வரும், கடை வரும், கடைக்குள் ஆளும் வருவான். இந்த மாதிரி ப்ரோகிராம் இன்டர்நெட்டில் வேறு சிலதும் கிடைக்கிறதாம். அவற்றில் வருகிற ஆட்களுக்குத் தலைமுடி என்ன நிறம், இடுப்பில் என்ன கத்தி என்ற அளவோடு சரி. ஆஃப்ராவின் ஊரில் ஒவ்வொருவனுக்கும் மாமன் மச்சான் உண்டு. யார் வீட்டில் பெண் எடுத்தான், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்த விசேஷத்தில் முறிந்தது என்பது வரைக்கும் உண்டு.

இதெல்லாம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? ஆயிஷா பீவியின் வாயிலிருந்து வந்தது.

அந்த ஊரில் யார் வீட்டுக்குச் சம்பந்தம் வந்தாலும் முதலில் ஆயிஷா பீவியிடம்தான் வந்து உட்காருவார்கள். அவளும் ஆதியிலிருந்து ஆரம்பிப்பாள். "பையன் யாரு மவன்? அம்மா பொறந்த ஊரு எது? சின்னத்தாவோட ஏன் போக்குவரத்து இல்ல? யாரு மேல தப்பு?" ஆஃப்ரா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டே இந்தக் கேள்விகளைக் கேட்டு வளர்ந்தவள். ஒன்று விடாமல் ப்ரோகிராமுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அம்மார் அந்த 'ஊரை' வைத்து விளையாட்டு நடத்தியதைப் பார்த்து அசந்து போனவர் டெரன்ஸ் என்கிற வெள்ளைக்காரர். அதே கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர், இந்த விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருடைய தம்பி இங்கிலாந்தில் இதற்கென்றே கடை வைத்திருக்கிறார். இந்த வெள்ளிக்கிழமை டெரன்ஸ் தன் கையாலேயே 'ஊரை' வைத்துக் கதை நடத்திப் பார்க்கப் போகிறார். தேறிவிட்டால் சி.டி. போட்டுத் தம்பி கடையில் விற்பார்கள்.

போன வாரம் ஆயிஷா பீவி குவைத்துக்கு போன் போட்டு மகனுக்கு ஓர் உத்தரவு போட்டாள் அல்லவா? "தங்கச்சி பேரை எங்கயும் விட்டுடாதே. சம்பந்தம் பேசுற நேரம். யாரு கேட்டாலும் நீ செஞ்சதாவே சொல்லிக்க." அம்மார் முதலில் முரண்டு பிடித்துவிட்டுக் கடைசியில் "சரிம்மா" என்றான்.

ஆஃப்ரா பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் ஆயிஷா பீவிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போட்டு ஜெயித்துவிட்டு அன்றைக்கே தூங்கியிருப்பாள். வாயை மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளையை என்ன செய்வது?

* * *

வீட்டு போன் லைனில் படம் தெரியாது, குரலும் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் தாயும் மகளும் சாயங்காலம் பெரம்பலூருக்கு வந்து, கலைமணியின் பிரவுசிங் சென்டர் படியேறினார்கள்.

கலைமணி செந்துறைப் பக்கத்துக்காரன். அவனுடைய தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். இவன் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு டவுனில் கடை போட்டுவிட்டான்.

"வாங்கக்கா. ஓரமா உள்ள சிஸ்டத்தை உங்களுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கேன். புது வெப்கேம் மாட்டியிருக்கேன்" என்றான்.

"எங்கப்பா பார்க்கணும்? இந்தக் கண்ணு மாதிரி இருக்குதே, இதையா?"

"நீங்க திரையைப் பாருங்கக்கா. அது உங்களைப் பாத்துக்கும்."

திரையில் கட்டம் கட்டமாக அம்மாரின் முகம் தெரிந்தது. ஆயிஷா பீவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எளைச்சுப் போயிட்டானேடி."

"படம் அப்படித் தெரியுதும்மா. அண்ணன் நல்லா குண்டாத்தான் இருக்கான்."

அம்மாருக்குப் பக்கத்தில் செம்பட்டைத் தாடியோடு டெரன்ஸ். அவருக்கு முன்னால் கம்ப்யூட்டர். மேஜையைச் சுற்றி ஒரு மலையாளி, ஒரு பிலிப்பைன்ஸ்காரர், இரண்டு வெள்ளைக்காரர்கள். வீட்டிலிருந்து அம்மாவும் தங்கச்சியும் பார்க்கிறார்கள் என்று அம்மார் சொன்னதும் எல்லாரும் கையை ஆட்டினார்கள். ஆயிஷா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சலாம் சொன்னாள்.

ஆட்டம் தொடங்கியது. குவைத்தில் பேசுகிற இங்கிலீஷை ஆஃப்ரா ஹெட்போனில் கேட்டு, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கோட்டைக் கதவு பூட்டியிருக்காம். உள்ள போவணும். ஒருத்தரு கதவை உடைக்கலாங்கிறாரு."

"எவன் அவன்? அடுத்தவன் வாசக்கதவை உடைப்பானாமா? உள்ள யாரு எவருன்னு விசாரிக்க வேணாமா?"

ஆஃப்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதே யோசனை பிலிப்பைன்ஸ்காரருக்கும் வந்தது போலிருக்கிறது. கதவை விட்டுவிட்டு எதிரே இருந்த ரொட்டிக்கடைக்குள் நுழைந்துவிட்டார். டெரன்ஸ் அதை எதிர்பார்க்கவில்லை. ரொட்டிக்கடைக்காரனைப் பற்றி அவர் ஒன்றுமே தயார் செய்து வைத்திருக்கவில்லை. 'ஊரில்' பொத்தானைத் தட்டினார். திரையைப் படித்தவர் புருவத்தைத் தூக்கினார், பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"என்னடி சிரிக்கிறாரு? தப்பா ஏதும் வந்துடுச்சா?"

"இல்லம்மா. ரொட்டிக்கடைக்காரரோட தங்கச்சியைத்தான் கோட்டைக் காவல்காரரு கட்டியிருக்காரு. ஆனா ரெண்டு வூட்டுக்கும் பேச்சே கிடையாது. காவல்காரரு வூட்டு விருந்துக்கு இவங்களை நேர்ல வந்து அழைக்கலையாம். ஆள்விட்டு அழைச்சுட்டாங்களாம்."

ஆயிஷா பீவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தப்புதானே? கூடப் பொறந்த அண்ணன் வூட்டை ஆள்விட்டு அழைக்கலாமா?"

குவைத்தில் மேஜையே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. கத்தியையும் கேடயத்தையும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். மலையாளிக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. "எங்க ஊரிலும் இதே கதைதான்" என்று மற்றவர்களுக்கு விளக்கினார். ரொட்டிக்கடைக்காரருக்கு வயசுக்கு வந்த மகள் இருக்கிறாளா, காவல்காரருக்கு மகன் இருக்கிறானா என்று கேட்டார். இருந்தார்கள். அப்படியானால் இரண்டு பேருக்கும் கல்யாணத்தைப் பேசி முடித்தால் கதவு தானாகத் திறக்காதா என்றார்.

"அத்தை மவன், மாமன் மவ. முறைதானே! நல்லாப் பேசட்டும்" என்றாள் ஆயிஷா பீவி. ஏதோ அவளிடமே வந்து கேட்ட மாதிரி.

டெரன்ஸ் அம்மாரைப் பார்த்தார். கல்யாணம் நடந்தால் ஊரில் யார் யார் உறவு மாறும் என்று உன் ப்ரோகிராம் சொல்லுமா என்று கேட்டார். அவனுக்குத் தெரியாது. ஆஃப்ரா அந்தப் பகுதியை எழுதிச் சேர்த்து அனுப்பியது புதன்கிழமை. அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பெரம்பலூர்த் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. 'ஆஃப்ரா, இப்ப என்ன பண்றது?'

அவள் விரல்கள் பறந்தன. 'ரெண்டு வீட்டையும் குறிச்சிட்டு, சம்பந்தம்னு இருக்கிறதைத் தட்டு.'

அம்மார் குனிந்து தட்டினான். டெரன்ஸ் படிக்கப் படிக்க மற்றவர்கள் நாற்காலியைவிட்டு எழுந்து அவர் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். ரொட்டிக்கடைக்கும் காவல் வீட்டுக்கும் ராசியாகிவிட்டது, கதவு திறந்துவிட்டது. ஆனால் அதே பையனைத் தன் மகளுக்கென்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்த மாவுமில்காரர் முறுக்கிக்கொண்டுவிட்டார். ஊரின் ஒரே கிணறு அவர் கொல்லையில் இருந்தது. இனி இந்த வெளியூர்க்காரர்களுக்குத் தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

பிலிப்பைன்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மலையாளி கைகொட்டினார். அந்தச் சத்தம் ஹெட்போனைத் தாண்டி வெளியே கேட்டது. பக்கத்து சிஸ்டத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டெரன்ஸ் அம்மாரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி ஏதோ சொன்னார். அம்மார் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னடி சொன்னாரு?"

"இத்தனை வருஷமா இந்த விளையாட்டு நடத்துறாராம். இந்த மாதிரி ஒண்ணை எங்கயும் பார்த்ததில்லையாம்."

"மாஷா அல்லாஹ்! அப்புறம்?"

"அண்ணனுக்குப் பெரிய மூளைங்கிறாரு."

ஆஃப்ரா இதைச் சிரித்த முகமாகவே சொன்னாள். குரலும் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஆயிஷா பீவி பெற்றவள். மகளின் மூக்கு நுனி சிவந்ததைப் பார்த்துவிட்டாள். சின்ன வயதில் பொம்மையைப் பிடுங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தால் அழாமல் நிற்பாளே, அப்போதும் மூக்கு இப்படித்தான் சிவக்கும்.

நாம் சொல்லித்தானே நடக்கிறது என்று ஆயிஷா பீவி நினைத்துக்கொண்டாள். நல்லதுக்குத்தான் சொன்னோம். அவர்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில்கூட மாப்பிள்ளையின் பேரும் படிப்பும் கொட்டை எழுத்தில் இருக்கும், பெண்ணின் பேர் இருக்காது. அவளுடைய கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான். கவுஸ் பேர் இருந்தது, அவர் தகப்பன் பேர் இருந்தது, இவளுடைய தகப்பன் பேர் இருந்தது. இவள் 'குமாரத்தி'யோடு முடிந்துவிட்டாள். அது கௌரவம் என்று அன்றைக்கு நினைத்தாள். இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், சற்று முன்பு வரைக்கும்.

கல்யாணப் பத்திரிகை வேறு. பெண் யார் என்று ஊருக்கே தெரியும். இந்த மேஜையில் இருக்கிற ஒருவனுக்காவது தன் மகளைத் தெரியுமா?

டெரன்ஸ் மறுபடி ஏதோ கேட்டார். இந்த முறை ஆஃப்ரா உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னன்னு சொல்லேன்டி."

"சி.டி. போடப் போறாங்களாம். கவர்ல 'இதைச் செய்தவர்'னு யாரு பேரைப் போடுறதுன்னு கேக்குறாரு. நாளைக்கே அவரு தம்பிக்கு அனுப்பணுமாம்."

"அண்ணன் என்ன சொல்றான்?"

"ஒண்ணுமே சொல்லலைம்மா. இங்கயே பார்த்துக்கிட்டு இருக்கான்."

ஆயிஷா பீவி திரையைப் பார்த்தாள். அம்மார் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். தாயின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமா என்று பார்க்கிறான் என்பது அவளுக்குப் புரியாதா? ஞாயிற்றுக்கிழமை அரியலூர்க்காரர்கள் வருகிறார்கள். பெண்ணின் பேர் வெளியே அடிபடுகிறது என்று பர்சானா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஆயிஷா பீவிக்குத் தெரியும். எத்தனை சம்பந்தம் இதைவிடச் சின்ன விஷயத்தில் உடைந்து போனதை அவளே பார்த்திருக்கிறாள். நல்ல இடம். நல்ல பையன். விட்டால் வருமா வராதா என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

டெரன்ஸ் பேனாவைத் திறந்துவிட்டார்.

"அந்த மைக்கை இங்க குடு" என்றாள் ஆயிஷா பீவி.

"அம்மா, வேணாம்மா..."

"குடுங்கிறேன்ல!"

மகளின் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். குவைத் தூரத்தில் இருக்கிறது என்பதாலோ என்னவோ, கூப்பாடு போட்டே பேசினாள்.

"அம்மார்! அந்த சார்கிட்ட சொல்லு. இது நீ செஞ்சதில்ல. என் மவ செஞ்சது. என் மவ பேரு ஆஃப்ரா. ஒருத்தரு உதவியில்லாம ஒத்தையில உக்காந்து செஞ்சா. உன் பேரைப் போடச் சொன்னது நானு. அது என் தப்பு. எல்லாத்தையும் அப்படியே இங்கிலீஷ்ல சொல்லு, ஒண்ணையும் முழுங்கிடாதே!"

பிரவுசிங் சென்டரில் அத்தனை தலையும் திரும்பியது. கலைமணி பெட்டியில் போடப் போன சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

குவைத்தில் அம்மார் எழுந்து நின்றான். முகமெல்லாம் பல். ஒரு வாரமாகக் கழுத்தில் கட்டியிருந்த கல்லை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. கையை நீட்டித் திரையைக் காட்டிக் காட்டி, தங்கச்சியைப் பற்றி அவன் பேசின பேச்சை டெரன்ஸ் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு கேமராவுக்கு முன்னால் வந்து குனிந்து, ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்ட ஆஃப்ராவிடம் நேராகப் பேசினார். இத்தனை நேரம் உங்களை உட்கார வைத்துவிட்டு ஆள் மாற்றிப் பாராட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். அந்த விருந்து அழைப்புச் சண்டை யாருடைய யோசனை, எனக்கு ஆயுசுக்கும் தோன்றியிருக்காதே என்றும் கேட்டார்.

"அது எங்கம்மாவோடது" என்றாள் ஆஃப்ரா இங்கிலீஷில். பிறகு அம்மாவிடம் தமிழில் சொன்னாள்.

"யோசனையாவது ஒண்ணாவது!" ஆயிஷா பீவிக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நெசமாவே ஆள்விட்டுத்தான் அழைச்சாங்க. எங்க மச்சி, அதான் நாத்தனா வூட்டுல. இன்னிக்கு வரைக்கும் நான் அந்த வாசப்படி மிதிச்சிருப்பேனா? கேட்டுச் சொல்லு, அவரு வூட்டுல இப்படிச் செஞ்சா சும்மா இருப்பாரான்னு."

அம்மார் அதையும் சொன்னான். மேஜையில் எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

டெரன்ஸ் பேனாவை எடுத்தார். பேரை எப்படிப் போடட்டும் என்று கேட்டார்.

"ஆஃப்ரா கவுஸ், லெப்பைக்குடிக்காடு" என்றாள் அவள். லெப்பைக்குடிக்காடு என்பதை அவருக்கு எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு, "கீழே அம்மா பேரும் போடச் சொல்லட்டுமா?" என்று திரும்பினாள்.

"அடியே, அதை மட்டும் செஞ்சுடாதே! ஊரு ரகசியமெல்லாம் சி.டி.யில போகுதுன்னு தெரிஞ்சா அப்புறம் எவளாவது எங்கிட்ட வந்து வாயைத் திறப்பாளா?" என்றாள் ஆயிஷா பீவி. சொல்லிவிட்டு மகளின் கன்னத்தைத் தடவிக் கையை முத்திக்கொண்டாள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. என் வயிற்றில் பிறந்தது இது என்று அந்தச் சென்டர் கூரைமேல் ஏறி நின்று கத்தலாம் போல் இருந்தது.

படியிறங்கும்போது கலைமணி கூடவே வந்தான். "அக்கா, நம்ம கடைக் கம்ப்யூட்டர்ல உக்காந்துதான் இது நடந்துச்சுன்னு நான் நாலு பேருகிட்ட சொல்லிக்கலாமா?"

"நாலு பேரு என்னாத்துக்கு? நாப்பது பேருகிட்ட சொல்லு."

* * *

கவுஸ் கடையில் ஒரு குடும்பம் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது. ஆண்டிமடத்திலிருந்து வந்தவர்கள். பையன் புதிதாக சவூதி போகிறானாம். பெட்டியின் சக்கரத்தை உருட்டிக் காட்டிக்கொண்டிருந்த கவுஸ், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்னாச்சு? புடிச்சுதாமா அவங்களுக்கு?"

"புடிச்சுதாவா? உங்க மவ பேரு இங்கிலாந்து கடையில தொங்கப் போவுது!"

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, கவுஸின் கை பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தது. அவருக்கு அந்த விளையாட்டு இன்னும் சரியாகப் புரியவில்லை. ஆனால் தன் பேரையும் ஊர் பேரையும் சேர்த்துச் சொன்னாள் என்பது புரிந்தது. "எம்பேரையுமா சொன்னே?" என்று மகளிடம் இரண்டு தடவை கேட்டார். ஆண்டிமடத்துக்காரரைப் பார்த்து, "எம்பொண்ணுங்க, கம்ப்யூட்டர்ல படிக்குது" என்றார். அவர்கள் கேட்காமலே.

பிறகுதான் அவருக்குச் சுருக்கென்று உறைத்தது. மனைவியை ஓரமாக அழைத்தார்.

"அரியலூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரியத்தானே போவுது. நாளைக்கு எவளாவது கண்ணு மூக்கு வச்சு அங்க போயி ஓதுவா. அதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். போனை எடுங்க."

"இப்பவா? ஞாயித்துக்கிழமை வரட்டுமே, பக்குவமா..."

"பக்குவமாச் சொல்றேன்னு தள்ளிப்போட்டு உடைஞ்ச சம்பந்தம் எத்தனைன்னு எனக்குத் தெரியும். எடுங்கிறேன்."

ஆஃப்ரா பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள். அப்துல் ஹாதியின் போட்டோவை அவள் பார்த்திருக்கிறாள். பிடிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லையே. அதுவும் ஆயிஷா பீவிக்குத் தெரியும். தெரிந்துதான் நம்பரைச் சுழற்றினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், பர்சானா. நான் லெப்பைக்குடிக்காட்டு மாமி பேசறேன்மா."

"வ அலைக்கும் சலாம். சொல்லுங்க மாமி. ஞாயித்துக்கிழமை அங்க எல்லாம் தயார்தானே?"

"அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." ஆயிஷா பீவி சொன்னாள். ஒளிக்காமல் மறைக்காமல் சொன்னாள். மகன் நடத்துகிற விளையாட்டு, மகள் செய்த ஊர், கவரில் வரப் போகிற பேர், பிரவுசிங் சென்டரில் தான் போட்ட கூப்பாடு எல்லாவற்றையும் சொன்னாள். "எங்க புள்ள பேரு வெளிய வரப் போவுது. எங்களுக்கு அதுல பெருமைதான். உங்களுக்கு எப்படியோ, தெரியாது. வந்து உக்காந்த பிறகு தெரிஞ்சு மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க. அதான் சொல்லிட்டேன்."

கவுஸ் ஆண்டிமடத்துக்காரருக்குப் பதில் சொல்லாமல் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி" என்றாள் பர்சானா கடைசியில். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. "ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். தம்பியும் பக்கத்துலதான் இருக்கான். எல்லாத்தையும் கேட்டுட்டான். உங்க பொண்ணுகிட்ட ஒண்ணு கேக்கணுமாம். கேக்கலாமா?"

நிக்காஹ்வுக்கு முன்னால் மாப்பிள்ளையோடு பெண் பேசுவது அந்த வீட்டில் இதுவரை நடந்ததில்லை. ஆயிஷா பீவி புருஷனைப் பார்த்தாள். அவர் பெட்டியின் பூட்டைப் பார்த்தார். அவள் போனை மகளிடம் நீட்டினாள்.

ஆஃப்ரா வாங்கிக் காதில் வைத்தாள். சலாம் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டு, பதற்றமாக அம்மா பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, நாளைக்குக் கல்யாணமாகி வேணாம்னு அவங்க வூட்டுல சொன்னா இந்தக் கம்ப்யூட்டர் வேலையை விட்டுடுவீங்களான்னு கேக்குறாரு. என்னம்மா சொல்றது?"

ஆயிஷா பீவியின் நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்துவிட்டது. பிள்ளைகளுக்காகப் பதில் சொல்லியே பழகின நாக்கு. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"உன்னைத்தானே கேட்டாரு? நீயே சொல்லு."

சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த பெரிய பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஆஃப்ரா போனை மறுபடி காதில் வைத்தாள்.